வெள்ளெலி சேர்த்து வைத்தது

சஃபியா அந்தக் காளானை முதன்முதலில் பார்த்தது ஆராய்ச்சிக்கென்று போன இடத்தில் அல்ல. உடன் படித்த பிரவீனா தீபாவளி விடுமுறைக்குத் தன் ஊருக்கு அழைத்திருந்தாள். தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். பிரவீனாவின் அப்பா பாலுசாமிக்கு அங்கே ஒரு கடலைக்காடும், அதன் வடக்கு ஓரத்தில் ஒரு தைலமரத் தோப்பும் இருந்தன. மழை விட்டிருந்த காலையில் தோழிகள் இருவரும் தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தபோது, கூட வந்த வீட்டு நாய் ஒரு மரத்தடியைத் தோண்டி எதையோ வெளியே தள்ளியது. நெல்லிக்காய் அளவில், மண் ஒட்டிய உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. சஃபியா அதை எடுத்து நகத்தால் கீறினாள். பூண்டு வாசம் குப்பென்று அடித்தது.

"அய்ய, தூக்கிப் போடுடி" என்றாள் பிரவீனா.

சஃபியா போடவில்லை. துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள்.

அவள் கோயமுத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பூஞ்சைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எடுத்த தலைப்பு எதுவும் நகராமல் கிடந்த நேரம். கையில் இருந்தது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. மண்ணுக்குள்ளேயே பிறந்து, மண்ணுக்குள்ளேயே முதிர்ந்து, வெளிச்சத்தையே பார்க்காமல் முடிந்துபோகும் காளான் வகை. வெளிநாடுகளில் ட்ரஃபிள் என்று பெயர் சொல்லிப் பன்றிகளையும் நாய்களையும் விட்டுத் தேடுவார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். இந்தப் பக்கத்தில் யாரும் அதைத் தேடிப் பார்த்ததாகவே அவள் படித்ததில்லை.

அதற்குப் பிறகு மழை பெய்த வாரங்களில் எல்லாம் அவள் தாராபுரம் பஸ்ஸில் இருந்தாள்.

பிரவீனா சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். ஊருக்கு வருவது அபூர்வம். வீட்டில் பாலுசாமியும் அவர் மனைவி செவ்வந்தியும்தான். அவர்களோடு அந்த நாய், கருவாயன். பிரவீனா கல்லூரி முதல் வருடத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கி வந்த குட்டி அது. உடம்பெல்லாம் செம்பட்டை, வாய் மட்டும் கரிபூசியதுபோல் இருக்கும். மகள் போன பிறகு செவ்வந்தி பேசுவதற்கு அந்த வீட்டில் அதுதான் மிச்சம். பால் கறக்கும்போதும், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும்போதும் அதனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். "இன்னைக்கு பிரவீனா போன் பண்ணுனா தெரியுமா. உன்னைக் கேட்டா" என்பாள். அது காதை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கும்.

கருவாயனைக் காளான் தேடப் பழக்கியது சஃபியாதான். ஒரு துணியில் காளான் துண்டைக் கட்டி ஒளித்து வைப்பாள். அது கண்டுபிடித்துக் காலால் கீறினால் அவித்த முட்டையில் ஒரு துண்டு கொடுப்பாள். சீக்கிரமே அது பழகிக்கொண்டது. பூண்டு வாசம் வந்தால் தோண்ட வேண்டும், தோண்டினால் சஃபியா சிரிப்பாள், முட்டை கிடைக்கும். உருண்டையைக் கடிக்காமல் வாயில் கவ்விக் கொண்டுவந்து அவள் கையில் வைக்கவும் கற்றுக்கொண்டது.

"என்ற பேச்சுகூட இப்புடிக் கேக்காது கண்ணு. உன்னையக் கண்டாத்தான் அதுக்குத் தலைகாலு புரியறதில்ல" என்று செவ்வந்தி சொல்வாள். சொல்லிவிட்டுச் சஃபியாவின் தட்டில் இன்னொரு தோசையைப் போடுவாள். அசைவம் சமைக்கிற நாட்களில் கறி ஹலால் இல்லையே என்று அவளுக்கு மட்டும் தனியாக முட்டைக் குழம்பு வைப்பாள்.

கோட்டைமேட்டில் சஃபியாவின் அத்தா அக்பர் அலி மெத்தைக் கடை வைத்திருந்தார். மகள் நாயோடு திரிவது அவருக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றாலும் தடுக்கவில்லை. "வாசல்ல கையக் கால கழுவிட்டு, துணிய மாத்திட்டு உள்ள வாம்மா. தொழுகுற இடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு நாள் மத்தியானம் பாலுசாமி தோப்புக்கு வந்தார். சஃபியா தரையில் உட்கார்ந்து ஒரு வெள்ளெலி வளையின் வாயிலிருந்து புழுக்கைகளைப் பொறுக்கிச் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, எனக்கு ஒண்ணு புரியறதில்லைங்க. வெள்ளெலியும் மண்ணுக்குள்ள இருக்குது. உங்க உருண்டையும் மண்ணுக்குள்ள இருக்குது. ரெண்டுமே வேருப்பக்கம்தானுங்க போவுது. எலிய அடிச்சுக் கொல்றோம். இதை மட்டும் எதுக்குங்க கையில வெச்சுப் பாக்கறீங்க?"

சஃபியா அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மண்ணிலிருந்து ஒரு சன்னமான தைலவேரை எடுத்துக் காட்டினாள். நுனியில் வெள்ளையாக, வேருக்குக் காலுறை மாட்டியதுபோல் ஒரு படலம் இருந்தது.

"எலி வேரைக் கடிக்குதுங்கப்பா. இது வேரைக் கட்டிப் பிடிச்சுக்குது. மரத்தோட வேர் போக முடியாத இண்டு இடுக்கெல்லாம் இது நூல் மாதிரிப் போய் ஈரத்தை எடுத்துட்டு வந்து மரத்துக்குக் குடுக்கும். மரம் அதுக்குச் சக்கரை குடுக்கும்."

"அப்ப எலி திருடன். இது கூட்டாளிங்களா?"

"அப்படிப் பிரிச்சுடவும் முடியாதுங்கப்பா. மத்த காளான் எல்லாம் வெளிய வந்து குடை விரிக்கும். காத்துல விதை பறக்கும். இது குடை விரிக்காது. இருந்த இடத்துலயே மூடிக் கெடக்கும். யாராவது தோண்டி எடுத்துத் தின்னாத்தான் இதோட வம்சம் அடுத்த மரத்துக்குப் போகும். அதுக்குத்தான் இந்த வாசமே. வெள்ளெலி மோப்பம் புடிச்சு வந்து தின்னும். வேற மரத்தடியில போய்ப் புழுக்கை போடும். அதுல விதை இருக்கும். நான் மைக்ராஸ்கோப்புல பாத்துட்டேனுங்க."

பாலுசாமி அந்தக் குப்பியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆகமொத்தம் உங்க உருண்டை பொழைக்கோணும்னா நான் எலிக்குச் சோறு போடோணுங்கறீங்க."

"தோப்புக்குள்ள இருக்கற எலிக்கு மட்டுங்கப்பா" என்று அவளும் சிரித்தாள்.

மறுவருடம் யாரும் சிரிக்கிற மாதிரி இல்லை. ஆடியில் பெய்ய வேண்டிய மழை பொய்த்தது. விதைத்த கடலையில் பாதிதான் முளைத்தது. போர்க்குழாயில் மாட்டுக்கும் மனுசருக்கும் குடிக்க மட்டும் தண்ணீர் வந்தது. ஆவணியில் விழுந்த ஒரு மழையில் மிச்சச் செடி தேறிக் காய் பிடித்தபோது, வெள்ளெலி இறங்கியது. சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் பச்சை இல்லாததால் எல்லாம் இங்கேயே வந்தன. பாலுசாமி செடியைப் பிடுங்கிப் பார்த்தால் காய் இருந்த இடத்தில் வெறும் காம்பு தொங்கியது. வரப்போரம் ஒரு வளையை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார். உள்ளே முழங்கை ஆழத்தில் ஒரு அறை. அதில் கடலைக்காய் அம்பாரமாக அடுக்கி வைத்திருந்தது.

அவர் சஃபியாவுக்குப் போன் செய்தார்.

"அம்மணி, மருந்து வெக்கப்போறேனுங்க. உங்ககிட்டச் சொல்லாமச் செய்ய மனசு வரலீங்க."

அவர் காட்டை அவள் பார்த்திருக்கிறாள். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தோப்புக்குள்ள மட்டும் வெக்காதீங்கப்பா. கருவாயனைக் கட்டிப் போட்டுருங்க."

"தோப்புல ஒரு பொடிகூட வெக்க மாட்டேனுங்க. இது சத்தியம்."

சொன்னபடியே செய்தார். மருந்து கலந்த அரிசிக்குருணையைப் பொழுது இறங்கும் நேரத்தில் வரப்போரமாக இலையில் வைப்பார். காலையில் மிச்சம் கிடந்ததைக் கையுறை போட்டுப் பொறுக்கிக் குழியில் புதைப்பார். செத்துக் கிடந்த எலிகளையும் புதைப்பார். அந்த நாட்களில் கருவாயன் கட்டுத்தரையில் மாடுகளுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கிடந்தது. பழக்கமில்லாத சங்கிலி. ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. செவ்வந்தி அதன் பக்கத்திலேயே கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டாள்.

எலித் தொல்லை குறைந்ததும் பாலுசாமி மருந்து வைப்பதை நிறுத்தினார். அதற்கு அடுத்த வாரம், புரட்டாசியில், நல்ல மழை பெய்தது.

மண்ணுக்குள் காளான் உருண்டு திரள்கிற மழை அது. சஃபியா விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டாள். சங்கிலியில் கிடந்த கருவாயன் அவளைப் பார்த்துத் துள்ளியது. செவ்வந்தி சங்கிலியில் கை வைத்தபடி கணவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவுத்து உடலாங்களா?"

"எல்லாத்தையும் பொறுக்கிப் பொதைச்சுப்போட்டேன். மழையும் பேஞ்சு கழுவியாச்சு. காட்டுக்குள்ள உடாதீங்க, நேரா தோப்புக்குக் கூட்டிட்டுப் போங்க அம்மணி" என்றார் பாலுசாமி.

"சூதானம் கண்ணு" என்றாள் செவ்வந்தி.

தோப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தைல வாசமும் ஈர மண் வாசமும் கலந்து வந்தன. கட்டுண்டு கிடந்த ஏக்கம் தீர கருவாயன் மரங்களுக்கிடையே ஓடி ஓடித் திரும்பியது. பிறகு வேலைக்கு வந்தது. முதல் மரத்தடியில் ஒரு உருண்டை. கவ்விக் கொண்டுவந்து கொடுத்தது. முட்டைத் துண்டை வாங்கிக்கொண்டது. இன்னொரு மரத்தில் இரண்டு.

தோப்பின் கிழக்கு மூலையில் ஒரு மரத்தடிக்கு வந்ததும் அது உறைந்து நின்றது. மூக்கைத் தரையோடு வைத்து இழுத்தது. பிறகு இரண்டு முன்னங்கால்களாலும் வெறி பிடித்ததுபோல் மண்ணை வாரி எறிந்தது. சஃபியாவுக்கும் வாசம் வந்தது. இதுவரை இவ்வளவு அடர்த்தியாக அந்த வாசத்தை அவள் முகர்ந்ததில்லை. பெரிய கூட்டமாகக் கிடக்கிறது என்று நினைத்தாள்.

"அப்படித்தான்டா! தோண்டு, தோண்டு! என் ராசா!"

மண் உள்வாங்கியது. கீழே ஒரு வெள்ளெலி வளை. சஃபியா மண்டியிட்டு உள்ளே பார்த்தாள். தோலோடு கடலைக்காய்கள். அவற்றின் நடுவே, பல் பட்ட தழும்போடு, காளான் உருண்டைகள். எலி அந்தக் காளானைத் தின்பது மட்டுமல்ல, கடலையைப் போலவே கொண்டுபோய்ச் சேர்த்தும் வைக்கிறது. வருடக்கணக்கில் அவள் தேடிய சான்று அது. மொபைலை எடுத்துப் படம் பிடித்தாள். வெளிச்சம் போதவில்லையென்று பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி எடுத்தாள். கருவாயன் முகத்தை வளைக்குள் நுழைத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. வழக்கம்போல் கவ்விக் கொண்டுவரும் என்று இருந்துவிட்டாள்.

அது கொண்டுவரவில்லை. நிமிர்ந்தபோது மென்றுகொண்டிருந்தது. கரிய உதட்டில் ஏதோ பொடியாக ஒட்டியிருந்தது.

சஃபியா குனிந்து பார்த்தாள். கடலைக்காய்க்கு அடியில் அரிசிக்குருணை, சாம்பல் பூசினதுபோல் கறுத்து, மழையில் ஊறிக் கிடந்தது. தோப்புக்குள் அரிசி எப்படி வந்தது? ஒரு குச்சியால் கொஞ்சம் எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பூண்டு வாசம் அந்த மருந்து அரிசியிலிருந்துதான் வந்தது.

பாலுசாமி தோப்பில் வைக்கவில்லை. வரப்பில் வைத்ததை எலி வாயில் அடக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்த்து வைத்திருந்தது. வளையின் கடைசியில் அந்த எலியே சுருண்டு செத்துக் கிடந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கருவாயனின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். அது விளையாட்டென்று நினைத்து வாலை ஆட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதி வழியிலேயே அதன் வயிறு முறுக்கிக்கொள்வது அவள் கைக்குத் தெரிந்தது.

பாலுசாமி மொபெட்டை எடுத்தார். செவ்வந்தி பின்னால் உட்கார்ந்து நாயை மடியில் வாங்கிக்கொண்டாள். வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. சஃபியா ரோட்டுக்கு ஓடி, வந்த மினி பஸ்ஸில் ஏறினாள். தாராபுரத்தில் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாலுசாமி வாசலில் நின்றிருந்தார். டாக்டர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தாராம். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

"முடிஞ்சு போச்சுங்க" என்றார் பாலுசாமி. "நான்தானுங்க வெச்சேன்."

"தோண்டச் சொன்னது நானுங்கப்பா. தோண்டுனதுக்கு நான்தான் தட்டிக்குடுத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அவளைத் திட்டியிருக்கலாம். அவளும் அவரைக் குற்றம் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை.

செவ்வந்தி வேப்பமரத்தடியில் நாயை முந்தானையால் போர்த்தி மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சஃபியா எதிரே போய்க் குந்தினாள். "அம்மா" என்றாள்.

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"நீங்க ஊட்டுக்குக் கெளம்புங்க. கோயமுத்தூரு பஸ்ஸு போயிருமுங்க."

அதுவரை ஒரு நாளும் அவள் சஃபியாவை நீங்க என்றதில்லை. வா, போ, தின்னு, கண்ணு என்றுதான். இப்போது விருந்தாளியாக வந்த யாரோ ஒருத்தியிடம் பேசுவதுபோல் மரியாதையாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் சஃபியா கோட்டைமேட்டு வீட்டு வாசலில் நின்றபோது, சுடிதார் முன்பக்கமெல்லாம் நாயின் எச்சிலும் நுரையும் காய்ந்து கிடந்தன. அக்பர் அலி ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து, செம்பில் மொண்டு மொண்டு அவள் கையில் ஊற்றினார். அவள் தேய்க்காமல் கையை நீட்டியபடியே நின்றாள். அவரே அவள் விரல்களைப் பிடித்துத் தேய்த்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "இது பெரிய விஷயம்மா. எலி இதைச் சேமிக்குதுன்னு நம்ம பக்கத்துல இதுவரைக்கும் யாரும் காட்டலை" என்றார். படத்தை உடனே கட்டுரைக்கு அனுப்பச் சொன்னார். பெரிதாக்கிப் பார்த்தவர், ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க நாயோட வாய் விழுந்திருக்கு. இதை மட்டும் வெட்டிடு."

சஃபியா வெட்டினாள். வெட்டுகிற கோட்டை அந்தக் கரிய உதட்டுக்குச் சரியாக இந்தப் பக்கம் வைக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது.

பிரவீனா ஒரு தடவை போன் செய்தாள். "உன் மேல கோவம் இல்லடி. அப்பா மேலயும் இல்ல. ஆனா அம்மா பேசறதே இல்ல. போன் பண்ணுனா, ம், சரி, வெச்சிரட்டுமா, அவ்ளோதான். பால் கறக்கறப்ப வாயத் தொறக்கறதே இல்லைன்னு அப்பா சொல்றாரு. தோப்புப் பக்கமே போறதில்லையாம். அந்தப் பக்கம் பாக்கக்கூட மாட்டேங்குதாம். அதனால அப்பா தோப்பை வெட்டக் குடுத்துட்டாரு."

"எப்போ?"

"வர்ற வாரம். மரத்தை மட்டும் வெட்டுனா மறுபடி துளுத்துரும்னு, ஜேசிபி விட்டு வேரோட எடுக்கறாங்க."

சஃபியா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். ஒரு மூலையில் நாலு மரத்தை மட்டும் விட்டுவைக்கக் கேட்கலாம். நாலு மரம் இருந்தால் போதும், காளான் தப்பிக்கும். பாலுசாமியின் நம்பரை எடுத்தாள். எந்த முகத்தோடு கேட்பது? செவ்வந்தி தினமும் பார்க்க அந்த நாலு மரம் அங்கே நிற்க வேண்டுமா? நம்பரை அழுத்தாமலேயே போனை மேசையில் வைத்தாள்.

அடுத்த வருடம் மழைக்காலம் முடிவதற்குள் ஒரு தடவை போனாள். பாலுசாமியிடம் கேட்டுக்கொண்டுதான் போனாள். தோப்பு இருந்த இடத்தில் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. செவ்வந்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வாங்க. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆச்சுங்கம்மா" என்று சஃபியா பொய் சொன்னாள். செவ்வந்தி சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், அவள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பாலுசாமி சோளக்காட்டு வரப்பில் கூட நடந்தார். வழியெல்லாம் புதுப்புது வளைகள். பக்கத்துக் காடுகளிலிருந்து வெள்ளெலிகள் வந்துவிட்டிருந்தன. ஒன்று அவர்கள் கண்முன்னாலேயே வளைக்குள் பாய்ந்து மறைந்தது. அவர் அதைப் பார்த்தும் கல் எடுக்கவில்லை. இந்த வருடம் மருந்து வைக்கவில்லை என்றும், இனி வைக்கப்போவதில்லை என்றும் சொன்னார். தின்கிறது தின்னட்டும் என்றார்.

மரங்கள் நின்ற இடங்களை நினைவில் வைத்து, அங்கங்கே மண்ணைத் தோண்டிச் சஃபியா பைகளில் நிரப்பினாள். வளை வாய்களில் கிடந்த புழுக்கைகளையும் பொறுக்கினாள். கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து, அந்த மண்ணைத் தொட்டிகளில் போட்டுத் தைலமர நாற்று நட்டாள். மண்ணில் காளான் விதை கொஞ்சமாவது உயிரோடு கிடந்தால் நாற்று வேரில் அது தெரிய வேண்டும். புழுக்கைகளைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். மக்காச்சோளமும் புல்விதையும்தான் இருந்தன.

நாற்றுகள் வளர்ந்தன. ஆனால் இலை மஞ்சளாக, தண்டு மெலிந்து வளர்ந்தன. ஒரு முற்பகலில் அவள் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, வேர்களைக் குழாயடியில் பிடித்து அலசினாள். வெள்ளைப் படலம் எதிலும் இல்லை. எல்லா வேரும் மொட்டையாக, பழுப்பாக, தனியாக நின்றன. கடைசி நாற்றின் வேரை மட்டும் இரண்டு தடவை அலசிப் பார்த்தாள்.

பாலுசாமிக்குப் போன் செய்தாள். முடிவு என்னவானாலும் சொல்லச் சொல்லியிருந்தார்.

"ஒண்ணுமே இல்லீங்கப்பா. அந்த மண்ணுல இனி அது இல்லை."

அவர் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"வேற எங்கியாச்சும் இருக்குமுங்களா அம்மணி?"

"தெரியலீங்கப்பா."

"தேடுவீங்களா?"

சஃபியா குழாயை மூடினாள். கழுவுதொட்டி முழுக்கச் செம்மண் கலங்கிக் கிடந்தது.

"இல்லீங்கப்பா" என்றாள்.

"சரிங்க அம்மணி" என்றார் அவர். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் அறுந்தது.